சூடோசாந்தோமா எலாஸ்டிகம்: எந்த வகை, எவ்வளவு உறுதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தோரம் மஞ்சளாகச் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கின்றன என்று தோல் மருத்துவரிடம் போனவர், “பாசிபிள் பிஎக்ஸ்இ” என்றோ “கேட்டகரி 2பி” என்றோ எழுதிய அறிக்கையோடு திரும்புகிறார். வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு பக்கத்தில் இரண்டு வகை, இன்னொன்றில் நான்கு வகை, மற்றொன்றில் வகையே இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. நூறாண்டுக்கு மேலாக இந்த நோயை வகைப்படுத்தும் அடிப்படையே மூன்று முறை மாறியிருக்கிறது. பழைய சொற்களும் புதிய சொற்களும் இன்றும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கின்றன.

முதலில், இது என்ன நோய்?

சூடோசாந்தோமா எலாஸ்டிகம், சுருக்கமாக பிஎக்ஸ்இ. தோல், கண்ணின் விழித்திரை, ரத்தக்குழாய் மூன்றிலும் உள்ள மீள் இழைகளில் கால்சியம் படிந்து, அவை துண்டு துண்டாகிப்போகும் பரம்பரை நோய். பொதுவாக 25,000 முதல் 50,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். தோல் மாற்றம் பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ கழுத்தின் பக்கவாட்டில் தொடங்கும். பிறகு அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, தொப்புளைச் சுற்றி, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் என்று பரவும். புடைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இறகு பறித்த கோழித் தோலைப் போல ஆகும் என்பது மருத்துவ நூல்களிலேயே உள்ள வருணனை. வலி கிடையாது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பலர் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மீள் இழையைத் தாக்கும் நோய்கள் இன்னும் இருக்கின்றனவே. பிஎக்ஸ்இ எங்கே வருகிறது?

இழைக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் எளிதில் பிடிபடும். இழை சரியாக உருவாகாமலோ அழிந்தோ தோல் தளர்ந்து தொங்கினால் அது கியூட்டிஸ் லாக்ஸா. ஓரிடத்தில் மட்டும் இழை அழிந்து, விரல் வைத்தால் உள்ளே அமுங்குகிற சிறு பைபோல ஆனால் அனெட்டோடெர்மா. இழை அளவுக்கு மீறிச் சேர்ந்தால் புஷ்கே ஓலென்டார்ஃப் போன்றவை. வெயிலில் ஆண்டுக்கணக்கில் அடிபட்டு இழை சிதைந்தால் சோலார் எலாஸ்டோசிஸ். பிஎக்ஸ்இயில் இழை காணாமல் போவதில்லை. அது உருக்குலைந்து, கால்சியம் ஏறிக் கெட்டியாகிறது. கால்சியம் என்கிற இந்த ஒரு அடையாளம்தான் மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது.

பழைய அறிக்கையில் “டைப் 1 டாமினன்ட்” என்று இருக்கிறது. இப்போதும் அது செல்லுமா?

செல்லாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1881இல் ரிகால் இந்தத் தோலை முதலில் விவரித்தபோது, கொழுப்புப் படிவால் வரும் சாந்தோமாவின் ஒரு வகை என்றே எண்ணினார். 1896இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் தாரியே, இதில் கெட்டுப்போவது மீள் இழை, கொழுப்புக்கு இங்கே வேலையில்லை என்று தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். கண் மருத்துவர்கள் இதற்கிடையே விழித்திரையில் தெரிந்த ஒருவகைக் கீற்றுகளைத் தனி நோயாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 1929இல் ஸ்வீடனில் கண் மருத்துவர் கிரான்பிளாடும் தோல் மருத்துவர் ஸ்ட்ரான்ட்பெர்கும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான், இது உடல் முழுவதையும் தொடும் நோய் என்ற எண்ணமே பிறந்தது.

1970களின் நடுவில் பிரிட்டனில் போப் என்பவர் குடும்பங்களை ஆராய்ந்து நான்கு வகைகளாகப் பிரித்தார். ஓங்கு மரபாக (டாமினன்ட், மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே நோய்) வருபவை இரண்டு, ஒடுங்கு மரபாக (இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய்) வருபவை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தோல் எப்படி, கண் எப்படி, ரத்தக்குழாய் எப்படி என்று தனித்தனி விவரம். மரபணு சோதனை இல்லாத காலத்தில் அது பெரிய உழைப்பு. ஆனால் 2000ஆம் ஆண்டில் 16ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிசிசி6 என்ற மரபணுதான் காரணம் என்று சில ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்த பிறகு அந்த நான்கு வகை நிற்கவில்லை. நோயாளிகளைச் சோதித்தால் திரும்பத் திரும்ப ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகியிருந்தன. அதாவது ஒடுங்கு மரபு. பழைய கோப்பில் “டாமினன்ட்” என்று இருப்பதை நம்பி, பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்று பயந்து வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பயத்தை நீக்கவேண்டியது மருத்துவரின் கடமை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் இருக்கிறது, மகளுக்கும் இருக்கிறது. அது ஓங்கு மரபு இல்லையா?

இரண்டு தலைமுறையில் தெரிந்தாலே ஓங்கு மரபு என்றாகாது. அம்மாவிடம் பழுதான பிரதி இரண்டு இருக்கின்றன, அதனால் ஒன்றை அவர் பிள்ளைக்குக் கொடுத்தே தீருவார். அப்பா நோய் இல்லாதவர்தான். ஆனால் தனக்கே தெரியாமல் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவராக இருந்தால், அவரிடமிருந்தும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் சேர்ந்தால் மகளுக்கு நோய். பார்வைக்கு ஓங்கு மரபு போலவே தோன்றும். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் இது நிகழ வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் மட்டுமே என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

“கேட்டகரி 1”, “2ஏ”, “2பி” என்றெல்லாம் போடுகிறார்களே?

அது 1992இல் நடந்த ஒருமித்த கருத்து மாநாட்டின் முறை. 1994இல் அச்சில் வந்தது. குடும்ப மரபை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகளை அடிப்படையாக வைத்தார்கள். மடிப்புகளில் மஞ்சள் நிறத் தோல் மாற்றம், அந்தத் தோலின் பயாப்ஸியில் (சிறு துண்டை எடுத்துச் செய்யும் சோதனை) கால்சியம் படிந்த மீள் இழை, 20 வயதைத் தாண்டியவருக்குக் கண்ணில் உரிய மாற்றம் ஆகிய மூன்றும் முதன்மை அடையாளங்கள். மூன்றும் இருந்தால் கேட்டகரி 1. முழுவதும் பொருந்தாதவர்கள் இரண்டாம் பிரிவு. கண் கீற்று, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலின் பயாப்ஸி, நெருங்கிய ரத்த உறவில் நோய் ஆகியவை எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்து அதை ஏ முதல் டி வரை நான்காகப் பிரித்தார்கள்.

மரபணு தெரியவருவதற்கு முந்தைய முறை என்பதுதான் இதன் குறை. இன்னொரு குறையும் உண்டு. “கேட்டகரி 2” என்று படிக்கிறவர் அது லேசான நோய் என்று நினைத்துவிடுகிறார். அந்த எண் சான்றின் அளவைத்தான் சொல்கிறது, நோயின் கடுமையைச் சொல்லவில்லை.

இப்போது எந்த முறையைப் பின்பற்ற வேண்டும்?

2010இல் நெதர்லாந்து மருத்துவர் பிளோம்ப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்வைத்த முறையைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அது சான்றுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலகிய மூன்று துறைகளாகப் பிரித்துக் கேட்கிறது: தோல், கண், மரபு.

தோலில் முதன்மை அடையாளம் இரண்டு. கழுத்துப் பக்கவாட்டிலோ மடிப்புகளிலோ மஞ்சள் நிறப் புடைப்பு அல்லது திட்டு. அல்லது பாதிக்கப்பட்ட தோலின் பயாப்ஸியில் துண்டுபட்டு, கொத்தாகச் சேர்ந்து, கால்சியம் ஏறிய இழைகள். கண்ணிலும் இரண்டு. விழித்திரையில் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற புள்ளித் தோற்றம், அல்லது பார்வை நரம்பு வட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளமுள்ள ஆஞ்சியாய்டு கீற்று. மரபிலும் இரண்டு. ஏபிசிசி6 மரபணுவின் இரு பிரதிகளிலும் நோய் தரும் மாற்றம். அல்லது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்குத் தனியாகவே உறுதிசெய்யப்பட்ட பிஎக்ஸ்இ. “பாட்டிக்கும் இப்படித்தான் கழுத்து இருந்தது” என்பது இதில் சேராது.

இவை தவிரத் துணை அடையாளங்களும் உண்டு: கண்ணில், வட்டின் விட்டத்தைவிடக் குட்டையான ஒற்றைக் கீற்று, வால்மீன் வடிவச் சிறு புள்ளிகள், இறகு வடிவக் குறிகள்; மரபில், ஒரே ஒரு பிரதியில் மட்டும் மரபணு மாற்றம்.

இனி கணக்கு. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு முதன்மை அடையாளங்கள் இருந்தால் நோய் உறுதி. ஒரே துறையில் இரண்டும் இருந்தால், உதாரணமாகத் தோலில் புடைப்பும் பயாப்ஸியும் மட்டும் என்றால், “இருக்க வாய்ப்பு அதிகம்” (ப்ராபபிள்). ஒரு முதன்மை அடையாளத்தோடு வேறு துறையின் துணை அடையாளம் சேர்ந்தாலும் அதே நிலைதான். ஒற்றை முதன்மை அடையாளமோ, துணை அடையாளங்களோ மட்டும் இருந்தால் “இருக்கலாம்” (பாசிபிள்).

புடைப்பும் பயாப்ஸியும் சேர்ந்தே உறுதி என்றாகாதா என்று பலர் கேட்பார்கள். இரண்டும் ஒரே தோலைத்தான் இரண்டு விதமாகக் காட்டுகின்றன. இதே தோலை, இதே பயாப்ஸியை, வேறு நோய்களும் தரும். கண்ணோ மரபணுவோ தனியாக வந்து அதையே சொன்னால்தான் நம்பிக்கை. உங்கள் அறிக்கையில் “பாசிபிள்”, “ப்ராபபிள்” என்று இருந்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எந்தத் துறையில் இன்னும் பார்க்கவில்லை?”

கண்ணில் கீற்று இருக்கிறது, தோல் சுத்தமாக இருக்கிறது. பிஎக்ஸ்இ என்று சொல்லலாமா?

உடனே சொல்லக்கூடாது. விழித்திரைக்கு அடியில் உள்ள புரூக் சவ்வில் கால்சியம் ஏறி அது விறைத்து வெடிப்பதால் வருபவைதான் ஆஞ்சியாய்டு கீற்றுகள். இவற்றுக்குப் பெரும்பாலான நேரம் பிஎக்ஸ்இதான் காரணம். ஆனாலும் எலும்பைத் தாக்கும் பேஜெட் நோய், அரிவாள் செல் சோகை, பிற ஹீமோகுளோபின் கோளாறுகள் ஆகியவற்றிலும் வரும்.

தோல் உண்மையிலேயே சுத்தமா என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில், கழுத்துத் தோலை இரு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தால், நேராகப் பார்த்தபோது தெரியாத மஞ்சள் வரிசை தெரியக்கூடும். அக்குளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கீழுதட்டை வெளிப்பக்கம் மடித்தால் உட்புறச் சவ்வில் மஞ்சள் புள்ளிகள் இருக்கலாம். எங்கேயுமே இல்லை என்றால் பழைய தழும்பிலிருந்து பயாப்ஸி எடுப்பது ஒரு வழி. தோல் மாற்றம் தெரியாதவர்களின் தழும்பிலும் இந்த நோய் அகப்படும் என்று 1987லேயே காட்டியிருக்கிறார்கள். இன்று மரபணு சோதனையே நேர்வழி.

பயாப்ஸி “நார்மல்” என்று வந்துவிட்டது. நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

எங்கிருந்து எடுத்தார்கள், எவ்வளவு ஆழம், என்ன சாயம் என்று மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு நிம்மதியாகலாம். மாற்றம் இருப்பது தோலின் நடு அடுக்கில். மேலாகச் சீவி எடுத்த துண்டில் அந்த அடுக்கே இருக்காது. வழக்கமான ஹிமடாக்ஸிலின் இயோசின் சாயத்தில், ஆரம்பநிலை மாற்றம் நீலம் பாய்ந்த நூல்குப்பை போல லேசாகத்தான் தெரியும், அதைத் தாண்டிப் போய்விடுவது எளிது. வான் கோஸா சாயம் போட்டால் கால்சியம் கறுப்பாக எழுந்து நிற்கும். வெர்ஹோஃப் வான் கீசன் சாயத்தில் மீள் இழை கறுப்பாகத் தெரியும். நீண்டு அலையலையாக ஓட வேண்டிய இழைகள் குட்டை குட்டையாகச் சுருண்டு கொத்தாகக் கிடப்பதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். “பிஎக்ஸ்இ சந்தேகம், கால்சியச் சாயம் தேவை” என்று கோரிக்கைச் சீட்டில் ஒரு வரி எழுதாததால் தவறவிட்ட பயாப்ஸிகள் ஏராளம்.

மரபணு சோதனையில் ஒரே ஒரு மாற்றம்தான் கிடைத்தது. அப்படியானால் நான் சுமப்பவர் மட்டும்தானா?

தோலோ கண்ணோ தெளிவாக நோயைக் காட்டுகிறது என்றால், இரண்டாவது மாற்றம் கண்டுபிடிக்கப்படாமல் ஒளிந்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏபிசிசி6இல் 23 முதல் 29 வரையிலான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டுகள்) மொத்தமாக நீங்கிவிடுவது ஒரு பழக்கமான மாற்றம். எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் சோதனை இந்தப் பெரிய இழப்பைத் தவறவிடும். அதற்கு எம்எல்பிஏ போன்ற, பிரதிகளை எண்ணும் சோதனை வேண்டும்.

இன்னொரு சிக்கல் இந்த மரபணுவுக்கே உரியது. இதன் முன்பகுதியை அச்சாக ஒத்த இரண்டு போலி மரபணுக்கள் அதே 16ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. சோதனை கவனமாக வடிவமைக்கப்படாவிட்டால், போலியில் இருக்கும் பிழையை அசலில் இருப்பதாக எழுதிவிடும். ஆகவே முன்பகுதி எக்ஸான்களில் மாற்றம் என்று வந்தால், போலிகளைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று ஆய்வகத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

“விளைவு தெரியாத மாற்றம்” என்று வந்தால் அதை முதன்மை அடையாளமாக எண்ணக்கூடாது. சில ஆண்டுகள் கழித்து அதே மாற்றம் நோய் தருவது என்றோ தீங்கற்றது என்றோ மறுவகைப்படுத்தப்படலாம். அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இதே போலத் தோன்றி, இதுவாக இல்லாதவை எவை?

வகைப்படுத்தலில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பீட்டா தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் சிலருக்கு, வயது ஏறியபின் பிஎக்ஸ்இ போலவே தோலும் கண்ணும் ஆகும். பயாப்ஸியும் ஒத்துப்போகும். ஏபிசிசி6இல் மாற்றம் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் விடை இருக்கும்.

ஜிஜிசிஎக்ஸ் என்ற மரபணுவில் பழுது இருந்தால், பிஎக்ஸ்இ போன்ற தோலோடு வைட்டமின் கே சார்ந்த ரத்த உறைவுக் காரணிகளும் குறையும். 2007இல் தனி நோயாகப் பிரிக்கப்பட்டது. இவர்களுக்குத் தோல் மடிப்புகளோடு நிற்காமல் உடம்பு, கை கால்களிலும் தடித்துத் தொங்கும், கண் பாதிப்பு குறைவாக இருக்கும். “அடிபட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறதா?” என்ற ஒரு கேள்வி இங்கே வழிகாட்டும்.

முதிய பெண்களுக்குக் கழுத்தில் மட்டும் வரும் பாப்பிலரி டெர்மல் எலாஸ்டோலிசிஸ் கண்ணுக்கு அப்படியே பிஎக்ஸ்இதான். ஆனால் பயாப்ஸியில் மேலடுக்கின் மீள் இழை குறைந்திருக்கும், கால்சியம் இருக்காது. கண்ணும் ரத்தக்குழாயும் பத்திரம். பல பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தொப்புளைச் சுற்றி மட்டும் வரும் துளைக்கும் வகை ஒன்றும் உண்டு. பெனிசிலமைன் மருந்தை நீண்டகாலம் எடுத்தவர்களிடமும் ஒத்த மாற்றம் வரலாம். அதனால் மருந்துப் பட்டியலையும் கேட்க வேண்டும்.

இது தோல் நோயா, இல்லையா?

தெரிவது தோலில். தவறு பெரும்பாலும் கல்லீரலில். ஏபிசிசி6 மரபணு அதிகமாக வேலை செய்வது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும்தான். அதன் புரதம் கல்லீரல் செல்களிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியேறத் துணைசெய்கிறது என்று 2013இல் தெரியவந்தது. வெளியே வந்த ஏடிபியை இஎன்பிபி1 என்ற நொதி உடைக்கும்போது பைரோபாஸ்பேட் பிறக்கிறது. கண்ட இடத்தில் கால்சியம் படியாமல் தடுப்பது இந்தப் பைரோபாஸ்பேட்தான். அது ரத்தத்தில் குறைந்தால் மீள் இழைகள் கால்சியத்தை ஏற்றுக்கொள்கின்றன. எலிகளில் இதற்கு அழகான சான்று உண்டு. மரபணு இல்லாத எலியின் தோலை நல்ல எலிக்கு ஒட்டினால் கால்சியம் படியவில்லை. நல்ல எலியின் தோலை மரபணு இல்லாத எலிக்கு ஒட்டினால் படிந்தது.

இஎன்பிபி1 மரபணு முழுவதும் பழுதானால் பச்சிளங்குழந்தைகளின் தமனிகளிலேயே கால்சியம் படியும். அத்தகைய குழந்தைகள் சிலரிடம் ஏபிசிசி6 மாற்றமே காரணமாக இருந்ததும், ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு அந்த நோயும் இன்னொரு பிள்ளைக்கு பிஎக்ஸ்இயும் இருந்ததும் பதிவாகியுள்ளன. ஆகவே பிஎக்ஸ்இயை மீள் இழை நோய்கள் பட்டியலில் மட்டும் வைக்காமல், இடம் தவறிக் கால்சியம் படியும் வளர்சிதை மாற்ற நோய்களின் குடும்பத்திலும் வைக்க வேண்டும். சிகிச்சை ஆய்வுகள் பைரோபாஸ்பேட்டைச் சுற்றி நடப்பதும் அதனால்தான்.

என் வகையைப் பார்த்து நோய் எவ்வளவு முற்றும் என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஒரே மரபணு மாற்றம் உள்ள உடன்பிறந்தவர்களில் ஒருவர் கழுத்துப் புடைப்புகளோடு மட்டும் இருப்பார், இன்னொருவருக்கு நாற்பதுகளில் பார்வை பாதிக்கும். கடுமையை அளக்கத் தனி மதிப்பெண் முறை இருக்கிறது, ஃபீனோடெக்ஸ் என்று பெயர். தோல், கண், இரைப்பை குடல், ரத்தக்குழாய், இதயம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கிறது. நோயறிதல் உறுதியும் இந்த மதிப்பெண்ணும் அறிக்கையில் வேறு வேறு வரிகளில் இருக்க வேண்டும்.

“இருக்கலாம்” என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. அதுவரை என்ன செய்வது?

நோய் இருப்பதாகவே வைத்துக் கண்ணைக் காப்பாற்றுங்கள். கண்மணியை விரித்து விழித்திரைப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். வீட்டில் ஆம்ஸ்லர் கட்டத்தாளை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். நேர்க்கோடு நெளிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கீற்றின் வழியாகப் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது என்பதற்கு அது அறிகுறி, கண்ணுக்குள் போடும் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதம்) தடுப்பு ஊசியை உடனே தொடங்கினால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். தலையிலும் கண்ணிலும் அடிபடக்கூடிய விளையாட்டுகள் வேண்டாம்.

இரைப்பையில் ரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவற்றைத் தாமாக எடுக்கக்கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. புகைபிடிப்பதை விடுவது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இரண்டையும் கட்டுக்குள் வைப்பது முக்கியம். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் காலின் ரத்த ஓட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்குச் சந்தேகம் என்றால் இதே அளவுகோலா?

அளவுகோல் அதுதான், ஆனால் காலம் கூடிவந்திருக்காது. கீற்றுகள் பெரும்பாலும் வயது ஏறியபின் வரும், ஆரஞ்சுத்தோல் தோற்றம் அதற்கு முன்பே தெரியும். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் கீற்று இல்லை என்பதை வைத்து நோயை மறுக்க முடியாது. கழுத்தில் தெளிவான மாற்றம் இருந்தால் மரபணு சோதனைக்குப் போவது பயாப்ஸியை மிச்சப்படுத்தும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ நோய் உறுதியாகி, அவர்களுடைய இரண்டு மாற்றங்களும் தெரிந்திருந்தால், தம்பி தங்கைக்கு அந்த இரண்டை மட்டும் தேடினால் போதும். தேடுவதற்கு முன் பெற்றோர் மரபியல் ஆலோசகரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.